பன்மை பழகும் பருவம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாலர் பாடசாலையை நாம் இன்று நேர்சரி என்றும் மொன்டிசோரி என்றும் பல பெயர்களாற் குறிப்பிடுகின்றோம். நமக்கு முந்திய தலைமுறையினர் 'கிண்டர்கார்டன்' என்பார்கள். ஆசிரியப் பயிற்சியின்போது நாம் எல்லோரும் படித்த ஃபுரோபல் என்ற ஜேர்மன் கல்வியாளர் 1840 ஆம் ஆண்டில் ஆக்கிய சொல் இது. 'கார்டன்' என்றால் தோட்டம். 'கிண்டர்' என்றால் பிள்ளைகள். ஒரு பிள்ளையை மட்டும் குறிக்க வேண்டுமானால் 'கிண்ட்' என்று சொல்ல வேண்டும். ஆக, ஜேர்மன் மொழி ஒரு சொல்லேனும் தெரியாத நாமும், ஒரு ஜேர்மன் பன்மைச் சொல்லை நெடுங்காலமாக வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

'கிண்ட்' என்பது 'கிண்டர்' ஆகிறது, 'பிள்ளை' என்பது 'பிள்ளைகள்' ஆகிறது. இந்தச் சிறு மாற்றத்தைக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதுதான் இன்றைய என் பேச்சின் பொருள். இது மொழியியலாளருக்குரிய பொருள், இலக்கியத் தொடரில் இதற்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறுமியின் கொப்பியில் நான் இட்ட ஒரு சிவப்புக் கோடு என்னை இந்தப் பொருளுக்குள் இழுத்து வந்தது. அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

சென்ற விடுமுறையில், குடும்பத்தில் ஒரு திருமணத்தை முன்னிட்டு, ஜேர்மனியிலிருந்து என் தங்கையும் டென்மார்க்கிலிருந்து அவளுடைய கணவரின் தமையனும் குடும்பத்தோடு கண்டிக்கு வந்திருந்தார்கள். 1983 ஆம் ஆண்டுக்குப் பின் ஐரோப்பாவுக்குச் சிதறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போன்றதே அவர்களுடைய குடும்பமும். தங்கையின் மகளுக்கு ஆறு வயது. மற்றவருடைய மகனுக்கு ஏழு. என்னுடைய இளைய மகனுக்கும் ஏழு. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூவரும் விளையாடிக்கொண்டிருந்தபோது, பின்புறப் பலாமரத்துக்குக் குரங்குக் கூட்டம் ஒன்று வந்தது.

தங்கை மகள் ஓடிவந்து, "மாமா, மரம்களில குரங்குகள்!" என்றாள். டென்மார்க் பையன் தன் தந்தையின் யாழ்ப்பாணத் தமிழில், "கலைச்சோண்ண எல்லாக் குரங்கும் ஓடீட்டினம்" என்றான். என் மகன் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "குரங்குங்க எல்லாம் ஓடிப்போச்சு" என்று திருத்தினான்.

பெரியவர்கள் எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கோ சிரிப்பு வரவில்லை. 'மரம்கள்' என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? தாய் சொல்லவில்லை, தந்தை சொல்லவில்லை. எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் அப்படி இல்லை. 'ஓடீட்டினம்' என்பது யாழ்ப்பாணப் பேச்சில் மனிதருக்கே உரிய முடிவு. குரங்குக்கு அதை வைத்து எவரும் சொல்ல அந்தப் பையன் கேட்டிருக்க மாட்டான். கேளாத ஒன்றை ஒரு குழந்தை சொல்கிறதென்றால், அது எங்கிருந்து வந்தது?

இதே கேள்வியை அமெரிக்காவில் ஜீன் பேர்க்கோ என்ற இளம் ஆய்வாளர் எழுப்பி, 1958 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்த காரியம் மிக எளிமையானது. குருவி போன்ற ஒரு கற்பனைப் பிராணியைப் படமாக வரைந்து, "இது ஒரு வக்" என்று சிறு பிள்ளைகளுக்குக் காட்டினார். 'வக்' என்றொரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. பிறகு அந்தப் பிராணி இரண்டு நிற்கும் படத்தைக் காட்டி, "இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு..." என்று நிறுத்தினார். பிள்ளைகள் தயக்கமின்றி "வக்ஸ்" என்றார்கள். உலகில் எவரும் சொல்லாத சொல்லின் பன்மையை அவர்கள் யாரிடமும் கேட்டு மனப்பாடம் செய்திருக்க முடியாது. ஆகவே அவர்களுடைய உள்ளத்தில் ஒரு விதி இருக்கிறது என்பது புலனாயிற்று.

அவர் கண்ட இன்னொன்று எனக்கு மேலும் சுவையாகப் பட்டது. 'கிளாஸ்' என்பதன் பன்மையைப் பெரும்பாலான பிள்ளைகள் சரியாக 'கிளாஸஸ்' என்றார்கள். ஆனால் 'டாஸ்' என்ற பொய்ச்சொல்லைக் கொடுத்தபோது அவர்களுட் பலர் தடுமாறினார்கள். அதாவது, ஒரு சொல்லை முழுதாக நினைவில் வைத்துக்கொள்வது வேறு, அதன் விதியைக் கைவசப்படுத்துவது வேறு. முந்தியது முதலில் வரும். பிந்தியது பின்னர் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிள்ளை 'ஃபுட்ஸ்' என்றும் 'மவுஸஸ்' என்றும் சொல்லும். நாம் பிழை என்பது அந்த இடைக்காலத்தின் அடையாளம்.

ஆங்கிலத்தில் பன்மைக்குப் பெருவழி ஒன்றுதான். ஜேர்மன் மொழியில் அப்படியல்ல. 'டாக்' என்றால் நாள், பன்மை 'டாகே'. 'புளூமே' என்றால் பூ, பன்மை 'புளூமென்'. 'கிண்ட்' என்பது 'கிண்டர்' ஆவதை முன்னரே சொன்னேன். மோட்டார் காரைக் குறிக்கும் 'ஔட்டோ' பன்மையில் 'ஔட்டோஸ்' ஆகும். யன்னலைக் குறிக்கும் 'ஃபென்ஸ்டர்' ஒருமையிலும் பன்மையிலும் மாறாமல் நிற்கும். ஐந்து வழிகள். இவை போதாதென்று, 'அப்ஃபெல்' என்ற அப்பிள் பழம் பன்மையில் 'எப்ஃபெல்' என்று உயிரெழுத்தே திரிந்துவிடும். எந்தச் சொல்லுக்கு எந்த வழி என்பதை, சொல்லின் ஈறும் அதன் பாலும் ஓரளவு காட்டிக்கொடுக்கும், ஆனால் முழுதாகக் காட்டிக்கொடுக்காது.

தங்கை சொன்னாள்: "இவள் முந்தி யன்னல்களை 'ஃபென்ஸ்டர்ஸ்' என்பாள். அங்கே ஜேர்மன் பிள்ளைகளும் இப்படித்தான் பிழை விடுகிறார்கள்." உண்மைதான். இந்த 'ஸ்' ஈறு ஜேர்மன் பெயர்ச்சொற்களில் மிக அருகியே வருவது. ஆனால் புதிதாக வந்த சொற்களுக்கும் ஆட்பெயர்களுக்கும் அதுவே இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. அருகி வரும் ஈறு ஒன்று பொதுவிதியாக இருக்க முடியுமா, பொதுவிதி என்று ஒன்று தேவையா, எல்லாம் நினைவும் ஒப்புமையுந்தானா என்று 1990 களில் அறிஞர்கள் கடுமையாக வாதிட்டார்கள். ஒரு குழந்தையின் 'ஃபென்ஸ்டர்ஸ்' அவ்வளவு பெரிய வாதத்துக்கு உரியது.

டேனிஷ் மொழியில் சங்கடம் வேறு விதமானது. அங்கே ஈறுகளின் தொகை குறைவு. ஆனால் அவை காதில் விழுவதே அரிது. அம்மொழியில், எழுத்திற் காணும் மெய்கள் பல பேச்சிற் கரைந்து உயிரோடு உயிராகிவிடும். முக்கியமான இரண்டு பன்மை ஈறுகளும் சொல்லின் இறுதியில் அடங்கி ஒலிக்கும் இரு குற்றுயிர்கள். இரண்டுக்கும் மயிரிழை வேற்றுமைதான். சில சொற்களில் ஆங்கிலத்தின் 'மேன், மென்' போல உள்ளுயிர் மாறும். சப்பாத்தைக் குறிக்கும் 'ஸ்கோ', சுண்டெலியைக் குறிக்கும் 'முஸ்' முதலிய சொற்கள் பன்மையிலும் அப்படியே நிற்கும். ஒடென்ஸே நகரிலுள்ள தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தினர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வுகள் மழலைப் பருவத்தோடு நின்றுவிடாமல் பத்து வயதுப் பிள்ளைகள் வரை செல்கின்றன. பன்மை அங்கே அவ்வளவு நீண்ட பயணம். டென்மார்க் பையன் சிறு வயதில் 'முஸ்' என்பதற்கும் ஓர் ஈறு சேர்த்துச் சொன்னதாகத் தந்தை சிரித்துக்கொண்டே கூறினார். ஈறு வேண்டிய இடத்தில் காதுக்குக் கேட்பதில்லை, ஈறே வேண்டாத இடத்தில் பிள்ளை ஒன்றைத் தேடி ஒட்டுகிறது. விதியைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி அது.

இனி நம் தமிழுக்கு வருவோம். அன்று மாலை நானும் ஜீன் பேர்க்கோவைப் போல ஒரு விளையாட்டுக் காட்டினேன். ஆய்வென்று எண்ணிவிடாதீர்கள், வெறும் விளையாட்டு. கடதாசியில் மூன்று காலுள்ள ஒரு பிராணியை வரைந்து, "இது ஒரு கிலம்" என்றேன். பிறகு இரண்டாவதையும் வரைந்து, "இப்போது இரண்டு..." என்று நிறுத்தினேன். என் மகன் யோசிக்கவே இல்லை. "ரெண்டு கிலம்" என்றான்.

நான் தோற்றுப்போனேன். ஆனால் அந்தத் தோல்வியில் ஒரு பாடம் இருந்தது. நாம் வீட்டில் 'இரண்டு பழம் தா', 'பத்து முட்டை வாங்கு' என்றுதான் பேசுகிறோம். எண்ணே தொகையைச் சொல்லிவிடுவதால், பெயருக்கு மறுபடி ஓர் ஈறு வேண்டியதில்லை. பிள்ளை நம்மிடம் கேட்டதையே திருப்பிச் சொன்னான். "புத்தகத்தில் எழுதுவதுபோலச் சொல்லு" என்றதும், "கிலங்கள்" என்றான். மகரம் ஙகரமாகத் திரியும் புணர்ச்சி விதியை அவனுக்கு எவரும் கற்பித்ததில்லை. அடுத்ததாக 'மொல்' என்றொரு பிராணியைக் கொடுத்தேன். 'பல்' என்பது 'பற்கள்' ஆவதை அறிந்த அதே பிள்ளை, 'மொற்கள்' என்று சொல்லவில்லை, 'மொல்லுகள்' என்றான். 'கிளாஸஸ்' தெரிந்த பிள்ளை 'டாஸ்' என்பதில் இடறிய அதே இடம்.

தமிழ்க் குழந்தைக்குப் பொருட்களின் பன்மை பெரும்பாலும் ஏட்டிலிருந்து வருகிறது. 'மாடுகள் மேய்ந்தன' என்பதிலுள்ள 'மேய்ந்தன' என்ற வடிவத்தை அது முதன்முதலாக வகுப்பறையிற்றான் சந்திக்கிறது. வீட்டில் மாடு ஒன்றானாலும் பத்தானாலும் 'மேஞ்சுது' தான். ஆகவே 'மாடுகள் மேய்ந்தது' என்று எழுதும் மாணவன் கவனக்குறைவினால் அப்படி எழுதவில்லை. அவன் பேச்சுக்கு விசுவாசமாக இருக்கிறான். மறுபுறத்தில் 'பத்து மாடு மேய்ந்தன' என்று ஒருவன் எழுதினால், நம்மிற் பலர் 'மாடு' என்பதைச் சுழித்து 'கள்' சேர்ப்போம். ஆனால் நம்முடைய பழைய இலக்கணம் அதைப் பிழை என்று சொல்லவில்லை. பால்பகா அஃறிணைப் பெயர் என்று அதற்கொரு பெயரே உண்டு. பெயர் பொதுவாக நிற்க, வினையே ஒருமையோ பன்மையோ என்பதைக் காட்டும். 'கள்' என்பது ஏற்கும் இடத்தில் அஃறிணைப் பெயரோடு சேரும் என்ற அளவிலேயே தொல்காப்பியர் நின்றார். 'நாட்கள்' என்பதா 'நாள்கள்' என்பதா, 'எழுத்துக்கள்' என்பதா 'எழுத்துகள்' என்பதா என்று படித்தவர்களே இன்னும் முடிவு காணாதபோது, பத்து வயதுப் பிள்ளையிடம் நாம் இவ்வளவு கண்டிப்புக் காட்டுவது நியாயமா?

கண்டியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. தலதா மாளிகைக்கு அருகில் பூ விற்பவர்கள் 'மல்' என்பார்கள். அது பன்மை. ஒரு பூவென்றால் 'மல'. ஒரு புத்தகம் 'பொத', புத்தகங்கள் 'பொத்'. ஒரு பஸ் 'பஸ் எக', பஸ்கள் வெறும் 'பஸ்'. நாம் பன்மைக்கு ஈறு சேர்க்கிறோம், சிங்களமோ உயிரற்ற பொருட்களில் பெரும்பாலும் ஒருமைக்கு ஈறு சேர்க்கிறது. பலவாகும்போது சொல் குறுகுகிறது! அயல்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும் நம் பிள்ளை இந்த இரண்டு எதிரெதிர் ஒழுங்குகளையும் குழப்பமின்றிப் பழகிக்கொள்கிறது. எந்தப் பாடசாலையும் அதற்கு நேரசூசி போட்டுக் கொடுக்கவில்லை.

பொருட்களை விட்டு மனிதரிடம் வரும்போது கதை மாறுகிறது. இங்கே பன்மை ஏட்டிலிருந்து வருவதில்லை, தொட்டிலிலிருந்தே காதில் விழுகிறது. மலையகத்தில் 'புள்ளைங்க', 'அவங்க', 'வாங்க'. யாழ்ப்பாணத்தில் 'பிள்ளையள்', 'அவையள்', 'வாங்கோ'. உறவுமுறைக்கு 'அக்காமார்', 'அண்ணன்மார்'. எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரே மேசையைச் சுற்றி 'புள்ளைங்க'வும் 'பிள்ளையளும்' தினமும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் 'பிள்ளைகள்' என்ற ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை. ஆனால் இந்த மனிதப் பன்மை தொகையை மட்டுஞ் சொல்வதில்லை. 'வாங்க' என்று ஒருவரைத்தான் அழைக்கிறோம். பலரைக் குறிக்கும் ஈறும் மதிப்பைக் குறிக்கும் ஈறும் தமிழில் ஒன்றே. குழந்தை இரண்டையும் சேர்த்தே கற்கிறது.

இப்போது அந்தச் சிவப்புக் கோட்டின் கதை.

இற்றைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நான் புதிதாக நியமனம் பெற்று, கண்டிக்கு அப்பால் மலைச்சரிவிலிருந்த ஒரு தோட்டப் பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு ஆறு மாணவர்களுக்கு 'என் தாய்' என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: 'என் அம்மா விடியற்காலையில் எழும்புகிறார்கள். மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறார்கள்.' பட்டம் பெற்று வந்த புதிது. எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை, ஆகவே வழு என்று தீர்மானித்தேன். 'பறிக்கிறார்கள்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'பறிக்கிறாள்' என்று மேலே எழுதினேன். பிழை திருத்தம் மூன்று முறை எழுதிவரும்படியும் சொன்னேன்.

மறுநாள் கொப்பி வந்தது. மூன்று வரிகள் அழகாக எழுதப்பட்டிருந்தன. மூன்றிலும் 'பறிக்கிறார்கள்' என்றே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. "ஏன் திருத்தவில்லை?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "எங்க அம்மாவ 'ள்'னு எப்படி சேர் எழுதுறது?"

நேயர்களே, அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அவளுடைய பேச்சில் அம்மா 'பறிக்கிறாங்க'. அதை ஏட்டுத் தமிழுக்கு மாற்றினால் 'பறிக்கிறார்கள்' தான் வரும். அவள் கணக்கு மிகச் சரி. வேலைத்தலத்தில் அந்தத் தாயைப் பலரும் 'நீ' என்றும் 'வா, போ' என்றும் அழைத்திருப்பார்கள். 'ங்க' போட்டு அவளைக் குறிப்பிட ஒரு மகள் இருந்தாள். அந்த ஈற்றைத்தான் நான் வெட்டினேன். இலக்கணத்தின் பெயரால் ஒரு தாயிடமிருந்து அவளுக்குரிய மரியாதையை எடுத்துவிட்டேன்.

பிறகு நூல்களைப் புரட்டியபோது, மொழியின் வரலாறும் அந்தச் சிறுமியின் பக்கமே நிற்பதைக் கண்டேன். 'அவர்' என்பது பழந்தமிழிற் பலரைக் குறித்த சொல். காலப்போக்கில் ஒருவரை மதித்துச் சொல்லவும் அது பயன்பட்டது. அப்போது பலரைக் குறிக்க வேறு வழி வேண்டியிருந்தது. அஃறிணைக்கே உரியதாயிருந்த 'கள்' வந்து 'அர்' ஈற்றின்மேல் ஏறிக்கொண்டது, 'அவர்கள்' பிறந்தது. இந்த இரட்டைப் பன்மையைத் திருக்குறளிலேயே காணலாம். 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' என்ற சொற்களை வள்ளுவர் ஆண்டிருக்கிறார். பின்னர் அந்த 'அவர்கள்' என்பதுந்தான் ஒருவருக்கு உயர்ந்த மதிப்பைக் காட்டும் சொல்லாயிற்று. இன்றும் மேடையில் 'தலைவர் அவர்கள்' என்கிறோம். மதிப்பைத் தேடிப் பன்மையிடம் போவது நம் மொழி நெடுங்காலமாகச் செய்துவரும் காரியம். ஒரு மேடைத் தலைவருக்கு நாம் தாராளமாகக் கொடுக்கும் 'கள்'ளை, கொழுந்துக் கூடை சுமக்கும் தாய்க்கு அவள் மகள் கொடுத்தால் மட்டும் வழுவா?

அப்படியானால் பிழையே திருத்த வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பரீட்சை இருக்கிறது, புள்ளி இருக்கிறது. பொது எழுத்துத் தமிழ் என்று ஒன்று இல்லாவிட்டால், 'புள்ளைங்க'வும் 'பிள்ளையளும்' ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளவும் முடியாது. அந்த எழுத்துத் தமிழை வசப்படுத்தும் உரிமை தோட்டப் பிள்ளைக்கும் உண்டு. 'மரங்கள்', 'பற்கள்', 'மேய்ந்தன' எல்லாவற்றையும் அது கற்கத்தான் வேண்டும். நான் சொல்வது வரிசையைப் பற்றி. வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். 'ஏன் இப்படி எழுதினாய்?' என்று கேட்டால், பத்துக்கு எட்டு முறை அந்தப் பிழைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். அந்த ஒழுங்கை மெச்சிவிட்டு, 'வீட்டில் இப்படி, ஏட்டில் இப்படி' என்று இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் போதும். பிள்ளைக்குப் புதியதொரு வடிவம் கிடைக்கும். பழையதைப் பற்றி வெட்கமும் வராது.

வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்களுக்கும் இதையே சொல்வேன். ஜேர்மனியின் ஹாம் நகரில் 2002 ஆம் ஆண்டில் காமாட்சி அம்பாளுக்குப் பெருங்கோபுரம் எழுப்பிய மக்கள் அவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்புகளும் நடத்துகிறார்கள். ஆனால் 'மரம்கள்' என்று ஒரு பிள்ளை சொன்னால் சபையே சிரித்துவிடுகிறது. இரண்டு முறை சிரித்தால், மூன்றாம் முறை அந்தப் பிள்ளை ஜேர்மன் மொழியில் பதில் சொல்லும். 'மரம்கள்' என்பது தமிழ் மறந்ததன் அடையாளம் அல்ல. தமிழின் விதி அந்த உள்ளத்தில் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. தமிழை மறந்த பிள்ளை பிழை விடாது, பேசாமல் இருக்கும்.

விடுமுறை முடிந்து அவர்கள் புறப்பட்ட அன்று, தங்கை மகள் வாசலில் நின்று பலாமரத்தைப் பார்த்தாள். "மாமா, குரங்குகள் வந்தா, நான் போட்டன் எண்டு அவைக்குச் சொல்லுங்கோ" என்றாள். 'அவை' என்பது யாழ்ப்பாணப் பேச்சில் மனிதருக்குரிய சொல். பெரியப்பா மகனிடமிருந்து அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள் போலும். என் மகன் திருத்த வாயெடுத்தான். நான் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினேன். குரங்குகளுக்கும் அந்தப் பிள்ளை கொஞ்சம் மரியாதை கொடுத்துவிட்டுப் போகட்டும்.